ராணியை வெட்டச் சொன்ன குரல்

எங்கள் கோயில் திருவிழாவில் வருடா வருடம் ஒரு ராணியைக் கொல்வோம். சில வருடங்களாக அந்த ராணி நான்தான். கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைச் சமாதானப்படுத்தி வாயைத் திறக்க வைப்பதைவிட, மேடையில் தலை வெட்டுப்பட்டுச் சாவது எவ்வளவோ சுலபம் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன திருவிழாவுக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

தோட்டத்துக் கோயில் என்று பெயர். தோட்டம் என்று சொல்லிக்கொள்ள இப்போது அதிகம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடுகளுக்கு மாற்றினார்கள். மரங்களுக்கு நடுவே கோயிலும், அதன் முன்னால் தகரம் போட்ட மேடையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. திருவிழா ஞாயிறன்று கெர்லிங், ராசா, சபாக் என்று எங்கெங்கோ குடிபோனவர்களெல்லாம் பிள்ளை குட்டியோடு வந்து இறங்குவார்கள். மதியம் அன்னதானம், சாயங்காலம் தீமிதி. சோறு தின்ற அசதியில் இருக்கும் சனத்தை இடையில் தூங்கவிடாமல் பிடித்து வைக்க நாடகம்.

நாடகத்தை எழுதியவர் அந்தக் காலத்தில் இந்தத் தோட்டத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி. ஆபீசில் கணக்கு எழுதிய நேரம் போக ராஜா ராணி வசனமும் எழுதியிருக்கிறார். பெரிய கதை ஒன்றும் இல்லை. ராணிக்குப் பிள்ளை பிறக்கிறது. அரண்மனைப் பாடகன் வந்து தாலாட்டுப் பாடுகிறான். மனம் குளிர்ந்துபோன ராணி கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பரிசாகக் கொடுக்கிறாள். மந்திரி அதை ராஜாவிடம் வேறு மாதிரி சொல்லிவிடுகிறான். ராஜா ராணியைச் சபைக்கு இழுத்துவரச் செய்து தலையை வெட்டச் சொல்கிறார். வெட்டிய பிறகுதான் மந்திரி சொன்னது பொய் என்று தெரிகிறது. ராஜா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். திரை விழுகிறது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்புச் சொல்வதற்கு முன் ராஜா மேடை ஓரத்துக்கு வந்து, "மக்களே, இந்த ராணிக்கு என்ன தீர்ப்பு?" என்று சனத்தைப் பார்த்துக் கேட்பார். உடனே கூட்டம் மொத்தமும், "விட்டுடுங்க ராஜா!" என்று கத்தும். பெண்கள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். ராஜா கொஞ்சம் காத்திருந்து, "மக்கள் மன்னித்தாலும் மன்னன் மன்னிக்க மாட்டான்!" என்பார். ஒரு வருடம் சபாக்கிலிருந்து வந்த லோரி டிரைவர் ஒருவர், உள்ளே கொஞ்சம் ஊற்றியிருந்தார் போல, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையேறிவிட்டார். "எவன்டா அந்தம்மா மேல கைய வைக்கிறது? வாடா பார்ப்போம்!" என்று அவர் நின்ற நிற்பைப் பார்த்து, வாள் பிடித்திருந்தவர் குதித்து ஓடினார். அவரைத் தேடிப் பிடித்து வந்து என்னைக் கொல்ல வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கத்தலைக் கேட்கத்தான் நான் வருடா வருடம் அந்தச் சாயத்தை முகத்தில் அப்பிக்கொண்டு நின்றேன். ஊரே எனக்காகத் தொண்டை கிழியக் கத்தும்போது உடம்பு சிலிர்த்துப் போகும். அந்தக் கத்தலில் முதலில் கேட்கிற குரல் எப்போதும் என் மகளுடையது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து கத்துகிறவள் அவள்.

போன வருடம் பாடகன் வேடத்துக்கு ஆள் இல்லாமல் போனது. பழைய பாடகர், தன் மகன் வீட்டோடு இருக்க ஷா ஆலாமுக்குப் போய்விட்டார். கோயில் தலைவர், அவர்தான் எங்கள் ராஜாவும், அந்தக் கிராணியின் பேரனைப் பேசி அழைத்து வந்தார். எங்கள் கிளினிக் வரிசையிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவர். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். குரல் நல்ல குரல். வேலை முடிந்த பிறகு தாமான் மண்டபத்தில் ஒத்திகை. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆலை வாசலில் வரிசையில் கிடந்து, குலையை இறக்கிவிட்டு வீடு வருவதற்குள் இருட்டிவிடும்.

"அவரும் இந்தப் பக்கந்தானே வர்றாரு. அவரு காடியிலயே ஏறி வந்துடு லா," என்று மருந்துக்கடைக்காரரின் காரில் வரச் சொன்னது என் கணவர்தான்.

ஒத்திகையில் யாரோ எடுத்த படம் ஒன்றைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் முத்துமாலையை நீட்டுகிறேன், அவர் வாங்குகிறார். எனக்குப் பட்டுச் சேலை இல்லை, அவருக்குத் தலைப்பாகை இல்லை. வேலைக்குப் போட்டுப் போன உடுப்போடு நின்றோம். பக்கத்தில் தலைவர் வசனத்தாளைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பார்க்கிற யாருக்கும் அது நாடகப் படம். அங்கிருந்து எந்தப் புண்ணியவானோ ஓரத்தை வெட்டிவிட்டு, கீழே கண்ணை உருட்டுகிற பொம்மை இரண்டைப் போட்டு வேறு குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். வெட்டியதில் தலைவர் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

கெர்லிங்கிலிருந்து நாத்தனார் போன் செய்தாள்.

"என்னா அண்ணி, யாரோ காடியில போறீங்களாம், சங்கிலியெல்லாம் கழட்டிக் குடுக்குறீங்களாம்?"

"சங்கிலி இல்லம்மா, முத்துமாலை. பசார் மாலாம் சந்தையில வாங்குன பிளாஸ்டிக்கு. நாடகத்துல குடுக்கறதுதானே, நீ பார்த்ததே இல்லியா?"

"பார்த்திருக்கேன் லா. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்டாளாம். அந்த நாடகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவள் அவள். அவள் மட்டுமா? ஊரில் எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் கதை சொல்லும். ராணி மாலை கொடுத்ததில் ஒரு குற்றமும் இல்லை, அதைப் பெரிதாக்கியவன்தான் பாவி என்று வருடா வருடம் மூக்கைச் சிந்தி அழுதவர்கள் இவர்கள். அதே மாலையை, அதே இடத்தில், அதே மாதிரி நான் கொடுக்கிற படத்தைப் பார்த்து என்னைப் பேசினார்கள். நாடகத்தில் மந்திரி ஒருத்தன்தான். இங்கே கைப்பேசி வைத்திருந்தவர்களெல்லாம் மந்திரி ஆகிவிட்டார்கள். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மளிகைக் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கோயிலில் பூக்கட்டப் போனேன். "நீ எதுக்கு கஷ்டப்படுற, ராணிக்கெல்லாம் வேலை குடுக்கலாமா?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே நூல்கண்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள். மருந்துக்கடைக்காரர் கிளினிக் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரக்கூடப் பயந்தார்.

"அக்கா, நான் நாடகத்துலேர்ந்து நின்னுக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் கஷ்டம்."

"இப்ப நின்னீங்கன்னா ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்க வந்து பாடுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்," என்றேன். அன்றிலிருந்து அவர் காரில் ஏறவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்து வேர்த்து வழிந்து ஒத்திகைக்குப் போனேன். அதையும் ஒருவரும் விடவில்லை. பார்த்தியா, பயந்துட்டா என்றார்களாம்.

கணவரிடம் நேராகவே கேட்டேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நாந்தானே உன்னை ஏறச் சொன்னேன்," என்றார். லோரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். என்னை நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மகள்தான் என்னைக் கொன்றாள். உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அந்தப் படம் அவள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரே ஒரு தடவை, "மா, இந்த வருஷம் நடிக்காதீங்க," என்றாள்.

"ஏன்? நீயும் நம்புறியா?"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பெற்று வளர்த்த பிள்ளையிடம் நான் யாரென்று எப்படி நிரூபிப்பது? ஊர் எக்கேடாவது கெட்டுப் போகட்டும். இவள் நம்ப வேண்டும். கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. மேடையில் ராஜா கேட்கும்போது எப்போதும் போல முதல் ஆளாக இவள் கத்துவாள். பழக்கம் விடாது. "விட்டுடுங்க ராஜா!" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் எனக்குப் போதும். அதற்காகவே நடிப்பது என்று முடிவு செய்தேன்.

திருவிழா அன்று நல்ல வெயில். தகரக் கூரைக்குக் கீழே சாயம் வழிந்தது. என்றைக்கும் இல்லாத கூட்டம். நாடகத்தை ஒழுங்காகப் பார்க்காத ஆட்கள்கூட முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? மகள் வழக்கமான இடத்தில், முன்வரிசையில் இருந்தாள். தலை குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடகர் தாலாட்டைப் பாடி முடித்தார். மாலையைக் கழற்றினேன். கூட்டத்தில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் மேலே எழும்பின. முகம் முகமாகப் பார்த்தேன். ஒரு முகமும் தாழவில்லை. மாலையை நீட்டினேன். கொடுத்தேன்.

பிறகு சபைக் காட்சி. என்னை இழுத்து வந்து மண்டியிட வைத்தார்கள். வெட்டும்போது மறைக்கிற சிவப்புத் துணியின் ஒரு நுனியை என் கணவர் பிடித்திருந்தார். வருடா வருடம் அது அவர் வேலை. அவர் லுங்கியும் கோயில் துண்டுமாக ஒதுங்கி நிற்பது என் கண்ணில் பட்டது. ராஜா மேடை ஓரத்துக்குப் போனார்.

"மக்களே, இந்த ராணிக்கு என்ன தீர்ப்பு?"

ஒரு சத்தமும் இல்லை.

மேடையோரம் வைத்திருந்த பெரிய மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட வேண்டிய பெண்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கத்தப் போன பிள்ளைகள் அம்மாக்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ராஜாவுக்கு வேர்த்தது. "மக்களே!" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். பின்னாலிருந்து யாரோ லேசாகச் சிரித்தார்கள். என் கணவரைப் பார்த்தேன். நீங்களாவது கத்துங்களேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கேட்டது.

"வெட்டுங்க!"

முன்வரிசையிலிருந்து வந்தது. யாரென்று திரும்பிப் பார்க்க எனக்கு அவசியமே இல்லை. அந்தக் குரலுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான்.

இது கனவு, இப்போது விழித்துவிடுவேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ராஜா பழக்கத்தில், "மக்கள் மன்னித்தாலும்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றார். மக்கள் எங்கே மன்னித்தார்கள்? அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தார். பிறகு, "மக்களே சொல்லிட்டாங்க," என்று மைக்கில் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். கிராணி அப்படி ஒரு வசனம் எழுதவே இல்லை.

வாள்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "அக்கா, வெட்டவா? இல்ல இறங்கிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மேடையில் என்னை ஒரு மனுஷியாக நினைத்துப் பேசியது அவர் ஒருவர்தான். நான் கழுத்தை நீட்டினேன்.

துணியைப் பிடித்தார்கள். துணிக்குப் பின்னால் குங்குமம் தடவிய பூசணிக்காயைப் பலகைமேல் வைத்து உண்மையான கத்தியால் வெட்டுவோம். அந்தச் சத்தத்துக்குச் சனம் அலறும். அன்று அலறவில்லை. கை தட்டினார்கள். நான் பலகையில் கன்னத்தை வைத்துச் செத்துக் கிடந்தேன். பூசணித் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அந்த மேடையில் ராணி சாகும்போது யாரும் கைதட்டி அதுவரை நான் கேட்டதில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட ஊரைத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அடுத்தது இன்னும் கொடுமை. மந்திரி உண்மையைச் சொன்னதும் ராஜா விழுந்து புரண்டார். "ஐயோ, குற்றமற்றவளைக் கொன்றேனே!" என்று அவர் மைக்கில் அழுதாரோ இல்லையோ, கூட்டத்திலும் அழுகை கிளம்பியது. எப்போதும் அழும் இடத்தில் எப்போதும் போல அழுதார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. செத்தவள் ராணி என்றால் அவளுக்காக அழ அவர்களால் முடிந்தது. பத்தடி தூரத்தில் நான் கிடந்தேன்.

வேடம் கலைக்கும் கொட்டகைக்குள் பெண்கள் வந்தார்கள். நூல்கண்டை நகர்த்தியவளும் வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஒவ்வொரு வருஷமும் அழ வச்சிடுற போ. நல்லா நடிச்ச," என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. கை எழவே இல்லை. அவர்கள் போகும்வரை முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாடகர் தீமிதிக்குக்கூட நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

கொட்டகையில் நானும் கணவரும் மட்டும் இருந்தோம். அவர் சிவப்புத் துணியை உதறிக்கொண்டிருந்தார். மகள் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏன்டி?" என்றேன்.

"எல்லாரும் உங்களையே பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாங்கம்மா. என்னால தாங்க முடியல. யாராச்சும் என்னத்தையாச்சும் சொல்லி முடிச்சா வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்துச்சு."

"அதுக்கு விட்டுடுங்கன்னு சொல்லக்கூடாதா?"

"சொன்னா? அவ மகதானே, வேற என்ன சொல்லுவான்னு சிரிச்சிருப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். சிரித்திருப்பார்கள். கோபம் தடம் தெரியாமல் போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்டேன். "நீ என்னை நம்புறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"நீங்க ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். முதல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன்டி என் மூஞ்சப் பார்த்துப் பேசல?"

"அந்தப் போட்டோல நீங்க சிரிக்கிறீங்க."

எனக்கு விளங்கவில்லை. மாலையைப் பற்றி ஊரே பேசியது. சிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நானே கவனிக்கவில்லை. "வீணைக்குப் பதிலா அவரு பூப்பந்து மட்டைய வச்சிருந்தாரு. மாலை அதுல போய் மாட்டிக்கிச்சு. தலைவரு இழுக்க, இவரு இழுக்க... மறுபடி குடுக்கறப்ப அத நினைச்சுத்தான் சிரிச்சேன். வேற ஒண்ணுமே இல்ல லா," என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"எதுக்கோ சிரிச்சிட்டுப் போங்க. நான் அதச் சொல்லல. வீட்டுல நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா. ஒரு நாள்கூட."

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு நாளையாவது எடுத்துக் காட்ட வேண்டும் என்று தேடினேன். அவள் பிறந்தநாள், தீபாவளி, ஏதாவது ஒரு சாப்பாட்டு நேரம் என்று மனசு ஓடியது. ஒன்றும் அகப்படவில்லை. உதவிக்கு என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துணியை நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் அந்தப் படத்துல அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.